மேல் வரிசை

எண்ணிக்கைத் தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் சீனியர் அதைக் கேட்டார். "மேல் வரிசை இருபத்தி நாலு பீப்பாய். ஏறிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

வாய் முந்திக்கொண்டது. சீனியர் தலையாட்டிவிட்டுத் தாளைக் கோப்பில் சொருகினார். "சரி. சாயங்காலம் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுடுவார்."

கணக்கியல் பட்டப்படிப்பில் அவளுக்கு இது கடைசி வருடம். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து, அவருடைய கடிதத்தைக் கல்லூரியில் கொடுத்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். இன்னும் நான்கு நாள் பாக்கி. நேற்று ஒரு பசைக் கம்பெனியின் கிடங்கில் சரக்கு எண்ண அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையையும் கண்ணால் பார்த்து, பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து, பச்சைப் பென்சிலால் டிக் போட வேண்டும். மூன்று வரிசை ஒழுங்காக முடிந்தது. நான்காவது கூரையை ஒட்டி இருந்தது. ஏணியில் இரண்டு படி ஏறியதுமே உயரத்துக்குப் பயந்து இறங்கிவிட்டாள்.

"விடு தங்கச்சி," என்று கிடங்குக்காரர் சிரித்தார். "கீழ இருக்கற மாதிரிதான் மேலயும். நீ விழுந்து வெச்சா உன்னையும் சேத்துல்ல நான் சரக்குல எழுதணும்?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டிக் போட்டாள்.

அவள் படிக்கும் தணிக்கைப் புத்தகம் அக்காவுடையது. அக்காவும் இதே படிப்புதான். போன வருடம், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு பாடம் ஒப்பிப்பாள். கண்ணாடி முழுக்கத் தெறிக்கும். சரக்கைச் சரிபார்ப்பது பற்றிய பாடத்தின் ஓரத்தில் கோழிக்கிறுக்கலாக எழுதி வைத்திருந்தாள்: 'நீ பாத்தியா, அவங்க சொன்னாங்களா?' இன்று காலையில் பஸ்ஸில் இவள் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு உடனே மூடிவிட்டாள்.

மதியம் சாப்பாட்டுப் பையைத் தொடாமல் கிளம்பினாள். பீப்பாய்கள் நிறைந்திருந்தால் பிழைத்தாள். காலியாக இருந்தால், பார்த்தேன் என்று சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்ல வேண்டிவரும். கடிதம் கிடைக்காது. அம்மாவின் இரண்டாவது மகளும் தேர்வு எழுதாமலே போவாள்.

கிடங்கில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கிடங்குக்காரர் மட்டும் மேசையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசை நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

"என்ன தங்கச்சி, பென்சில மறந்துட்டுப் போயிட்டியா?"

"இல்லண்ணே. மேல் வரிசைய ஒரு தடவ பாத்துடறேன்."

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. "அதான் நேத்தே டிக் போட்டியே."

"பாக்காமப் போட்டுட்டேண்ணே."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்? எதுக்கும்மா வீண் வம்பு?"

அவள் மேல் வரிசைக்குக் கீழே போய் நின்றாள். அவர் டப்பாவை மூடி வைத்தார். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு ஏணியை இழுத்து வந்து சாய்த்தார்.

"ஆடும். நான் பிடிச்சுக்கறேன்."

முதல் படியில் கால் வைத்தபோதுதான் அது உறைத்தது: கிடங்கில் வேறு ஆளில்லை, ஏணி அவர் கையில். இறங்கிவிடலாம். சாயங்காலம் கையெழுத்தாகிவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு படியாக, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாள். நடுவில் ஒரு படி கிறீச்சிட்டது. ஏணிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

மேலே வெக்கையாக இருந்தது. அகலத்தில் ஆறு, ஆழத்தில் நான்கு. கீழிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் ஆறுதான் தெரியும். தட்டிப் பார்க்க நேற்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்: நிறைந்தது 'தொம்' என்னும், காலி 'டங்' என்னும். விரலை மடக்கி முன்னால் இருந்ததைத் தட்டினாள்.

தொம்.

பக்கத்தில் இருந்ததும் தொம். உடம்பெல்லாம் ஒரு கணம் லேசானது. போதும், இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பீப்பாயின் தலைக்கு மேலாக, பின்னால் நின்றதை நோக்கி எட்டினாள்.

ஏணி நடுங்கியது.

பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் கீழே பார்த்தாள். அவள் கால்கள் படியில் மரக்கட்டை மாதிரி அசையாமல் இருந்தன. நடுக்கம் கீழேயிருந்து வந்தது. கிடங்குக்காரர் இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியை ஒரு படியில் முட்டுக்கொடுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

"இறங்கிடும்மா. பின்னால இருக்கறத தட்டாத," என்றார்.

மடக்கிய விரல்கள் பீப்பாயின் தகரத்துக்கு ஓரங்குலம் முன்னால் நின்றன. தகரத்தின் சூடு விரல் முட்டியில் படுவது தெரிந்தது.