மூலை கூடிய பாய்கள்

பசை டப்பாவோடு வீட்டுக்குள் நுழைந்த கினுயோவுக்கு, உள்ளறையைப் பார்த்ததும் பகீரென்றது.

காலையில் கணவனும் மனைவியுமாகத்தான் அந்த அறையின் தரை முழுக்கப் பொருத்தியிருந்த கனத்த கோரைப்பாய்களைத் தூக்கி வெயிலில் சாய்த்து, மூங்கில் கழியால் தட்டித் தூசி எடுத்தார்கள். காகிதக் கதவுகளைக் கழற்றி, பழைய காகிதத்தை நனைத்து உரித்து, சட்டங்களைக் கழுவிக் காயவைத்தார்கள். எல்லாம் அவளுடைய அக்கா மசுயேவுக்காக. இலையுதிர் காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தவள் இன்று சாயங்காலம் இங்கே வருகிறாள். புதுக் காகிதத்தில் வடிகட்டிய வெளிச்சத்தில் படுத்தால் பாதி நோய் ஓடிவிடும் என்று நேற்றுகூடச் சொல்லிச் சிரித்தாள்.

கினுயோ பசை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் அவள் கணவர் தொகுஜி பாய்களைத் திரும்பப் போட்டிருந்தார். போட்ட லட்சணம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு பாய்களின் மூலைகள் ஒரே இடத்தில் கூடி, கூட்டல் குறி போலக் கோடு விழுந்திருந்தது. மனிதர் வாழும் வீட்டில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். அது சாவு வீட்டுப் பாய்.

"என்னங்க, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அக்கா வந்து இதைப் பாத்தா, உசுரோட இருக்கும்போதே என்னை அனுப்பிட்டாங்கன்னு நெனைக்கமாட்டாளா?"

தொகுஜி தரையில் உட்கார்ந்தபடி பாயின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் மனிதர், அடுத்த ஓரத்துக்குக் கையை நகர்த்தினார்.

"எந்தப் பாய் எங்கன்னு அடியில மையால குறி போட்டு வைக்கிற ஆளு நீங்க. நான் ஒண்ணை மாத்திப் போட்டா ஊரையே கூட்டுவீங்க. உங்களுக்குப் போயி..."

இவர் தவறிப் போடுகிற ஆள் இல்லையே.

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு," என்றார் தொகுஜி. "நீ அந்தப் பக்கம் போன கொஞ்ச நேரத்துல."

"நேரத்தை மாத்திட்டாங்களா?" கேட்கும்போதே அது மடத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சாயங்காலந்தான் கொண்டு வர்றாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கினுயோ. வாய் வரல. அதான்..." அவர் கை இன்னும் பாய்மேலேயே இருந்தது.

காதுக்குள் கொய்யென்றது. அழுகை வரவில்லை. அவர்மேல் கோபம்தான் முதலில் வந்தது.

"பாயைப் போட்டுத்தான் சொல்லுவாங்களா, இதை?"

அவள் நடுவிலிருந்த பாயின் இடுக்கில் விரல்களை நுழைத்தாள். நகம் பிய்ந்தது. "எடுங்க."

"ஆளுங்க வருவாங்க, கினுயோ. வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

"வழக்கத்தை நாளைக்குப் பாத்துக்கலாம். வீட்டுக்கு வர்றேன்னுதான் அவ சொன்னா. வீட்டுக்கே வரட்டும். அந்தப் பக்கம் புடிங்க."

தொகுஜி எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.