சிரிப்புக்கு விட்ட இடம்

பைபிளில் வரும் நோவாவின் பேழையைக் கிண்டலடித்து என் மச்சினன் ஒரு படம் எடுத்தான். எடிட்டிங் நான். ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் மூன்று நொடி சும்மா விடச் சொன்னான்.

"இல்லேன்னா ஜனங்க சிரிக்கிற சத்தத்துல அடுத்த வசனம் கேக்காது, மாமா."

விட்டுத் தொலைத்தேன். மொத்தம் எண்பத்தாறு இடம்.

முதல் நாள் பகல் காட்சிக்கு இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பேழைக்குள் நோவா வாந்தி எடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று நொடி அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கடவுள் மேகத்திலிருந்து பேழையின் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று நொடி. யாரோ பாப்கார்ன் கொறிப்பது கேட்டது. கோபித்துக்கொண்டு எழுந்துபோகக்கூட ஒரு விசுவாசி வரவில்லை. எனக்கு மானமே போயிற்று.

கடைசியில் நோவா உருக்கமாக ஜெபிக்கும் காட்சி வந்தது. பின்னால் நின்ற ஆடு அவருடைய அங்கியை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. படப்பிடிப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை. வெட்டும்போது நானும் நோவாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மச்சினன் ஆறு மாதம் மண்டையைக் குடைந்து எழுதிய ஜெபம் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"என்ன மாமா நீங்க, இங்க ஒரு மூணு நொடி விட்டிருக்கக் கூடாதா?"