பதினாறாம் நாள் பசுவுக்கு வைத்த அரிசி

1

ஏரல் பக்கம் ஒரு பசு அசைபோடுவதை நிறுத்தியது. இந்தக் கதை அங்கிருந்து வந்தது. அதற்கு முன்பே ஒரு பெண் இறந்திருந்தாள். அதை எழுத வரவில்லை. அதனால் பசு.

முதல் தொடக்கம்: ‘சோற்றை மெல்லும்போதே உமிழ்நீரின் அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க…’ (பாடப்புத்தக வாடை. அடித்தேன்.)

2

செந்தில்வேல் விலங்கியல் படித்தவன். சாகுபுரத்தில் ஆய்வக வேலை. மனைவி முத்துச்செல்வி காய்ச்சலில் போய் அன்று பதினாறாம் நாள். பசுவுக்கு ஊறவைத்த அரிசியும் கருப்பட்டியும் ஒரு கை கொடுப்பது வழக்கம். பசு பக்கத்து வீட்டு வடிவம்மாளுடையது. அதன் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஆஸ்பத்திரியை எட்டிப் பார்க்காத சொந்தங்கள் ஆளுக்கொரு ஓலைப்பெட்டி நிறைய அரிசி கொண்டுவந்தார்கள்.

“மாட்டு எச்சில்ல அமைலேஸ் கிடையாது சித்தி. இவ்வளவு போனா வயித்துல புளிச்சிரும்,” என்றான் செந்தில்வேல்.

“ஏலே, செத்தவளுக்கு வைக்கோம். மாட்டுக்குச் செமிக்கலன்னா அவ செமிச்சுக்கிடுவா,” என்றாள் சித்தி பேச்சித்தாய்.

(அடிக்குறிப்பு: மனிதனுக்கு வாயில் செரிக்காமல் விட்டதைக் கணையத்தின் அமைலேஸ் சிறுகுடலில் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். மாவுச்சத்து மிஞ்சினால் அமிலம் பெருகி மாட்டைச் சாய்த்துவிடும். சொந்தக்காரர்களைச் செரிக்கும் நொதி எந்த உயிரிடமும் இல்லை.)

பெட்டிகள் பசுவின் முன்னால் கவிழ்ந்தபோது அவன் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. (துக்கம் வாயைக் கட்டியது என்று எழுதினேன். பொய். அவர்கள் தப்பு செய்வதைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.)

முத்துச்செல்வி இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளை அப்படியே…

3

மறுநாள் காலை பசு எழவில்லை. வடிவம்மாள் அதன் கழுத்தைத் தடவியபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“முத்துச்செல்வி கூடவே கூட்டிட்டுப் போறா,” என்றாள் பேச்சித்தாய். கூட்டம் தலையாட்டியது.

அப்போதுதான் செந்தில்வேல் சட்டையை மாட்டினான். பசு செத்தால் பழி செத்தவள் தலையில்தான் ஏறும் என்று தெரிந்துவிட்டது.

மாட்டு டாக்டர் கிளாட்வினைப் பைக்கில் ஏற்றி வந்தான். அவர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார்.

“யாரு இவ்வளவு அரிசி வச்சது?”

பேச்சித்தாய் தென்னை மரத்தைப் பார்த்தாள்.

“நாங்கதான் சார். எனக்குத் தெரிஞ்சேதான் வச்சோம்,” என்றான் செந்தில்வேல்.

4

முடிவு அ: சாயங்காலம் பசு எழுந்து அசைபோடுகிறது. (வழக்கத்தின் மகிமை என்பார்கள்.)

முடிவு ஆ: எழவில்லை. (என்ன சொல்வார்கள் என்பது தெரியும்.)

டாக்டர் பாதிக்குப் பாதி என்றார். “எந்திச்சிருமாய்யா?” என்று வடிவம்மாள் கேட்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் சரி, முத்துச்செல்வி பேரை மட்டும் இழுக்காதீர்கள்.