மல்லிக்குக் காட்டிய தண்ணீர்

கொள்ளில் உப்பைக் கலந்தது ஆண்டியப்பன்தான். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கலக்கச் சொன்னவர் சிவசாமி முதலாளி. ஹட்டன் கடைத்தெருவில் பெரிய கடை, நுவரெலியாப் பந்தயத்தில் ஓட மல்லி என்றொரு குதிரை, அந்தக் குதிரையைக் கவனிக்க ஆண்டியப்பன் என்று அவருக்கு ஒரு குறையும் இல்லை.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் வெட்டப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேற இருந்த ஆண்டியப்பனை, "வாடா, குதிரைக்குப் புல்லுப் போடு" என்று கூட்டிவந்தது அவர்தான். அன்றுமுதல் அவனும் அவன் பெண்சாதி காளியாயியும் குடித்த கஞ்சி முதலாளி போட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று காளியாயி அடிக்கடி சொல்வாள், புருஷன் மறந்துவிடுவான் என்று பயந்தவள்போல.

பந்தயத்துக்கு முதல்நாள் முதலாளி லாயத்துக்கு வந்தார்.

"ஆண்டி, சாயங்காலக் கொள்ளுல ரெண்டு கை உப்பப் போடு. விடிஞ்சதும் தண்ணி காட்டாத. மல்லி ஓடப்போறதுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு வாளி நெறையக் காட்டு."

"வகுறு ரொம்பிட்டா எப்படிங்க ஓடும்?"

"ஓடக்கூடாதுன்னுதானடா சொல்றேன். நான் வேற குதிரை மேல பணம் கட்டிருக்கேன்."

சீசன் தொடங்கிய அன்றே பந்தயக் கிளப்புக் கிளாக்கர் குதிரைக்காரர்களை நிற்கவைத்துச் சட்டம் படித்திருந்தார். வேண்டுமென்று குதிரையைத் தோற்கவைக்கிறவன் யாராக இருந்தாலும், ஆயுசுக்கும் மைதானத்து வாசலை மிதிக்கக் கூடாது.

இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் சட்டம். ஆண்டியப்பன் புத்திக்கு எட்டியவரை ஒரு வழி கண்டான். உப்பை வைத்துவிடுவது, தண்ணீரைக் காட்டாமல் விட்டுவிடுவது. முதலாளி சொல்லில் பாதியும் சட்டத்தில் பாதியும் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தான். மதில்மேல் பூனைக்குக்கூட இப்படியொரு யோசனை தோன்றியிருக்காது. குதிரைக்குத் தாகம் எடுக்கும் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

விடிந்ததிலிருந்து மல்லி வெறும் வாளியை நக்கியது. பனி வடிந்த சுவரை நக்கியது. மற்றக் குதிரைகளுக்குச் சேணம் பூட்டத் தொடங்கியபோது, அவன் நனைந்த கம்பளியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியது. கொடுத்தால் மோசடி, கொடுக்காவிட்டால் பாவம். "நான் பாவி, மல்லி" என்று அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதான். பிறகு வாளியை நிறைத்துக் காட்டினான். மல்லி தலை தூக்காமல் குடித்தது.

வேலிக்கு அப்பால் அவனுடைய பழைய நோர்வூட் தோட்டத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். "ஆண்டியண்ணே, நாங்க எல்லாரும் நம்ம மல்லி மேலதான் கட்டிருக்கோம்!" என்று ஒருத்தி சந்தோஷமாகக் கத்தினாள். அதற்குமேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே பந்தய அதிகாரியான வெள்ளைக்காரத் துரையிடம் போனான்.

"மல்லி ஓடக் கூடாதுங்க. வகுறு நெறையத் தண்ணி குடிச்சிருக்கு."

துரை இங்கிலீசில் கேட்டதைக் கிளாக்கர் தமிழில் கேட்டார். "தண்ணி காட்டுனது யாரு?"

"நான்தாங்க."

"ஏன் காட்டுன?"

"தாகமா இருந்துச்சுங்க. நேத்து உப்பு வச்சதும் நான்தாங்க."

"யாரு சொல்லி வச்ச?"

கதவோரம் முதலாளி நின்றார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. ஆண்டியப்பன் வாயைத் திறக்கவில்லை.

மல்லியை நிறுத்தினார்கள். அதன்மேல் கட்டியவர்களுக்குக் காசு திரும்பியது. ஆண்டியப்பனுக்கு ஆயுசுக்கும் தடை. சட்டத்தைக் குறைசொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் நோர்வூட் ஆட்களின் கூலியைப் பெரிய மனிதர்கள் பட்டப்பகலில் விழுங்கியிருப்பார்கள். ஆனாலும், உப்பு வைத்த கையும் தண்ணீர் காட்டிய கையும் ஒன்றாக இருந்தபோது, எதைத் தண்டிப்பது என்று அதற்கும் தெரியவில்லை, பாவம்.

வாசலுக்கு வெளியே முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "காட்டிக் குடுக்காம விட்டியே ஆண்டி! வா, கடையில வேல போட்டுத் தாறேன்."

காளியாயியிடம் என்ன சொல்வது, இனி எந்தத் தோட்டத்தில் பேர் பதிவார்கள், ஆண்டியப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் கை கூப்பினான்.

"வேணாங்க. நான் தின்ன உப்புக்கு இன்னைக்கோட சரியாப் போச்சு. மல்லிக்கு மட்டும் நேரத்துக்குத் தண்ணி காட்டச் சொல்லுங்க."