நட்சத்திரம் இல்லாத சொல்

1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. பனி முற்றும் விலகவில்லை. வெயில் ஓட்டுக்கூரை வரைதான் இறங்கியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்துச் சம்ஸ்கிருத ஆசிரியர் அழகியமணவாளன், சென்னை அறிஞர் சபையின் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்து மடித்தார்.

பதினோராண்டு உழைப்பு. பழைய அயர்லாந்து ஏடுகளில் பெண்ணுக்குப் 'பென்' என்று பெயர், வேல்ஸில் 'பெனிவ்', தொலைவில், வேதத்தில் 'க்னா'. அயர்லாந்து, வேல்ஸ் மக்களின் முன்னோரான கெல்ட்டியர் கிளை பிரியுமுன் வழங்கிய மூலச்சொல் 'பென' என்றும், அதன் ஈற்றுயிர் குறிலே என்றும் நாட்டி, நெடில் என்றவர்களோடு நாற்பது பக்கம் சண்டையிட்டிருந்தார். எந்த ஏட்டிலும் காணாமல், ஒப்பிட்டு ஊகித்து அமைத்த சொல்லுக்கு முன் நட்சத்திரக்குறி இடுவது அத்துறையின் ஒழுக்கம். நாற்பத்தோராம் பக்கத்தில் அக்குறி இல்லை. ஊகம் சான்றுபோல் நின்றது. படியெடுத்தவர் பிழையெனில் அவர் கையொப்பமிட்ட ஒரு வரி போதும், இவ்வாண்டே அச்சேறும் என்றது சபை. ஆசிரியர் பிழையெனில் கட்டுரை முழுதும் மறு ஆய்வுக்குப் போகும், அடுத்த தொகுதிக்கு மூன்றாண்டு.

படியெடுத்த பஞ்சாட்சரம் எதிரே உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பாளையத்துக்காரர், வக்கீல்களுக்கு ஆவணம் எழுதிப் பிழைப்பவர். எழுதும்போதே ஒருநாள், "இது நம்ம பொண்ணுதான் சாமி, கப்பலேறிப் போயி வெள்ளக்காரி ஆயிட்டா" என்றிருந்தார்.

"ஜாடை ஒத்துப்போனா உறவாயிடுமோ? உம்ம மூக்கும் எங்க ஹெட்மாஸ்டர் மூக்கும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று அன்று அழகியமணவாளன் அவர் வாயை அடைத்தார்.

இன்று பஞ்சாட்சரம் தாமே பேனாவை எடுத்தார். "கை தவறிச்சின்னு எழுதிடறேன் சாமி. எனக்கின்னா பட்டமா போவுது?"

"வக்கீல்கள் காதுல விழுந்தா?"

"விழுந்தா விழுது. வூட்ல தறி இருக்குது, தம்பி நெய்யறான்."

அழகியமணவாளன் தம் கைப்பிரதியைப் பிரித்தார். நாற்பது பக்கத்திலும் ஒவ்வொரு 'பென'வுக்கும் முன் நட்சத்திரம் இருந்தது. நாற்பத்தொன்றில், தம் சொந்தக் கையெழுத்தில், இல்லை. அங்கே வந்து சேர்வதற்குள் அச்சொல் அவருக்கு வீட்டு மனுஷி ஆகியிருந்தது. அவளைக் கண்டவர் யாருமில்லை என்பதே மறந்துபோயிற்று.

"நீர் இதைக் கவனிச்சீரா?"

"கவனிச்சேன் சாமி."

"ஏன் சொல்லலை?"

"இருக்கறத இருக்கறபடி எழுதறதுதான் நம்ம தொழிலு. நானா ஒரு புள்ளி சேத்தா, நாளைக்கு எவனோட நெலத்துலயோ வரப்பு நகந்துடும்."

அழகியமணவாளன் கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். சொல் தவறில்லை, ஈறு குறில்தான், மூன்றாண்டு கழித்தும் குறிலாகவே இருக்கும். அதில் அவருக்கு ஐயமே இல்லை. ஒரு தாளில் ஒன்றரை வரி எழுதினார்: குறி விடுபட்டது ஆசிரியரின் பிழை, படி மூலத்துக்குப் பிசகற்றது. கையொப்பமிட்டு, தேதியிட்டு, ஒருமுறை சரிபார்த்து நீட்டினார்.

பஞ்சாட்சரம் மை காயாத தாளை இரு விரலால் ஓரம்பிடித்து வாங்கி, வாசல் வெளிச்சத்தில் ஏந்தி, எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கினார்.