சீருடைப் பையிலிருந்த கையுறை

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவரை மகள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே புறாக்கூடு காற்றில் சரிந்து கிடந்தது. நல்லவேளை, முட்டை இரண்டும் உடையாமல் கம்பி ஓரத்தில் ஒண்டியிருந்தன.

"வெறுங்கையால தொடாதீங்கப்பா. மனுஷ வாசனை பட்டா தாய்ப்புறா சேர்த்துக்காதாம்."

அவர் சீருடைப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, கூட்டை நிமிர்த்தி முட்டைகளைப் பதமாக உள்ளே வைத்தார். வைத்த பிறகுதான் ஓடு பளபளப்பதைக் கவனித்தார். கையுறையில் இன்னும் எண்ணெய் ஈரம் இருந்தது.

விமான நிலையத்தில் அவர் பறவைப் பிரிவு. ஊரில் பணம் புரளப் புரள விமானங்கள் பெருகின. ஏரியைத் தூர்த்து இரண்டாவது ஓடுதளம் போட்டார்கள். ஏரி போன செய்தியைப் பறவைகளுக்கு யார் சொல்வது? பழைய நினைப்பில் வந்து ஓடுதளத்துப் புல்லில் முட்டையிட்டன. உடைத்துப் போட்டால் பறவை மறுபடி இடும். அதனால் முட்டையை உடைக்காமல், கையுறையை எண்ணெயில் நனைத்துத் தடவிவிட்டு வருவார். ஓட்டுக்குள் காற்றுப் போகாமல் குஞ்சு உள்ளேயே அடங்கிவிடும். விமானத்தில் இருப்பவையும் உயிர்கள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். மகளே பஸ் ஏறுவதுபோல வாராவாரம் வேலைக்கு விமானம் ஏறுகிறவள். அப்பா பறவைகளைக் காப்பாற்றும் பிரிவில் இருப்பதாகத் தோழிகளிடம் பீற்றிக்கொள்வாள். அவர் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

வெளியூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அவள் முதலில் கேட்டது புறாவைப் பற்றித்தான். "பொரிச்சிரும்மா" என்றார். சொல்லும்போதே நாக்கூசியது.

வார இறுதிகள் வந்து போயின. அன்று அவள் மறுபடி கிளம்பி நின்றாள்.

"என்னப்பா இது, இன்னும் உக்காந்தே இருக்கு?"

"பொரிக்காதும்மா."

கையுறை, எண்ணெய், புல்வெளி எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருடச் சம்பளமும் அந்த நேரத்தில் அவருக்கு அவமானமாக இருந்தது.

அவள் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் எண்ணெய்."

கீழே டாக்சி ஹார்ன் அடித்தது. மகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வெளியே புறா எழுந்து, அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டிவிட்டு, இறகை விரித்து மறுபடி அவற்றின் மேல் அமர்ந்தது.