துரைசாமியை எந்தத் தளத்தில் முடிப்பது

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், தொடர்கதை எழுத எந்த இணையத்தளம் நல்லது என்று ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை கேட்டார்கள். ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். இரண்டாவது பத்தியிலேயே கட்டுரை என் அண்ணனைப் பற்றியதாகிவிட்டது. இதை வட்டத்துக்குக் கொடுக்க முடியாது. உங்களிடம் கொடுக்கிறேன்.

2

முதல் பத்தி மட்டும் உருப்படி:

"முதலாவது ஒரு செயலி. வாசகர்கள் ஏராளம், பெரும்பாலும் தமிழ்நாட்டில். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி போடாவிட்டால் கதையைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும். இரண்டாவது சொந்த வலைப்பூ. அவசரப்படுத்த ஆளில்லை, வாசிக்கவும் ஆளில்லை. மூன்றாவது, முழு நாவலையும் ஒரே நாளில் ஏற்றும் தளம். முடிக்காத கதையை அது வாங்காது."

(என் வலைப்பூவுக்கு நாளுக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நான். இன்னொருவரும் நானாக இருக்கலாம், கைப்பேசியிலிருந்து.)

நான் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தைக் கட்டுரையில் எழுதவில்லை. சிங்கப்பூரில் எழுதுகிறவனைச் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும்தான் வாசிப்பார்கள். போன வருடம் இறந்துபோன என் அண்ணன் பிரேமைத் துரைசாமியாக்கி, அவர்கள் கண்ணில் படாமல் எழுத அது தோதான இடம் என்று நினைத்தேன்.

3

முதல் வரி இப்படி இருந்தது: "துரைசாமியை மருத்துவமனையில் சேர்த்த அன்று பொங்கோல் கடலோரத்தில் காற்றே"

[வெட்டு. காற்றைப் பற்றி எழுதுவது அண்ணனைப் பற்றி எழுதாமல் தப்பிக்கும் வழி.]

"துரைசாமி பிழைக்கமாட்டான் என்று டாக்டர்"

[இதையும் வெட்டு. இப்போதே சொல்லிவிட்டால் தொடரை எப்படி ஓட்டுவது?]

கடைசியில் ரயிலில் தொடங்கினேன். இருக்கை காலியாக இருந்தும், ஃபேரர் பார்க்கிலிருந்து பொங்கோல்வரை நின்றுகொண்டே வருகிறவன் துரைசாமி. வாசகர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பெயர்தான் அவன்மேல் தாத்தாவின் சட்டை மாதிரி தொங்கியது.

பிறகு துரைசாமி என் அண்ணனின் நோயோடு, அண்ணன் நெடுநாள் கிடந்த அதே வார்டில் படுத்தான். அவன் இறக்க வேண்டிய வாரம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு மகளைக் கண்டுபிடித்தேன். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு ஒரு காதல். அதற்கடுத்த வாரம் காதலனுக்கு வேலை போனது. துரைசாமிக்குச் சாக நேரமே கிடைக்கவில்லை.

ஒருநாள் பின்னூட்டங்களுக்கு நடுவே, "படித்தேன். ரக்ஷனா" என்று இருந்தது. ரக்ஷனா என் அண்ணி, பிரேமின் மனைவி. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அவருக்காகவாவது துரைசாமி உயிரோடு இருக்கட்டும் என்று மேலும் இழுத்தேன்.

4

[இந்தச் சந்திப்பை நாடகமாக்கி எழுதிப் பார்த்தேன். அண்ணி அழுதார், நான் ஆறுதல் சொன்னேன். பொய். நடந்தது இதுதான்.]

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அண்ணி என்னை வரச் சொன்னார். இங்கே 'தே' என்று சொல்லும் டீ வந்தது.

"அகிலன், அந்தத் துரைசாமி உங்க அண்ணன்தானே?"

"சும்மா ஒரு கேரக்டர் அண்ணி."

"டோன்ட் பிளஃப் லா, கதை விடாத. சீட் காலியா இருந்தும் பொங்கோல் வரைக்கும் நின்னுக்கிட்டே வர்ற மனுசன் வேற யாரு?" ஒரு கணம் சிரித்தார். "எப்ப முடிக்கப் போற?"

"உங்களுக்காகத்தான் அண்ணி முடிக்காம வச்சிருக்கேன்."

"எனக்காகவா? ஆஸ்பத்திரியில டாக்டர் டெய்லி வந்து, நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்வாரு, ஞாபகமிருக்கா? இப்ப நீ வாராவாரம் தொடரும்னு போடுற. வெள்ளிக்கிழமை ஃபோன் சத்தம் கேட்டா எடுக்கவே பிடிக்கல. படிக்காம இருக்கவும் முடியல. நான் அவரை ஒரு தடவை அனுப்பி வச்சிட்டேன். மறுபடியும் வார்டு வாசல்ல என்னை உக்கார வைக்காத."

நான் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"மொத்தமா ஒரே நாள்ல போடுற மாதிரி ஆப் இல்லையா? அங்க போட்டு முடிச்சிடு. ஒரே மூச்சுல படிச்சிட்டு மூடி வச்சிர்றேன்."

5

கட்டுரையின் முடிவு, ஆகவே: மூன்றாவது தளம். பரிந்துரைத்தவர் என் அண்ணி.

கடைசிப் பகுதியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் துரைசாமி பிழைத்து வீட்டுக்கு வருகிறான். அண்ணி அதைப் படித்தால் என்னோடு பேசமாட்டார். இன்னொன்றில் அவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான். அது எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாவதில் அவன் இறக்கிறான். சின்னப் பகுதி. அதில் பிழை எதுவும் இல்லை.

அதைத்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். வெளியிடுவதற்கு முன், "கதை முடிந்தது" என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறது தளம். அதை அழுத்தத்தான் முடியவில்லை. அண்ணிக்காக என்று இத்தனை வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். அண்ணனை அனுப்பி வைக்காதவன் நான்தான். எழுதும்போது அவர் பேசுகிறார். முடித்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் அழுத்துகிற வேலையை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் அவரோடு பிறந்தவர் இல்லை, உங்களால் முடியும். முடித்ததும் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறார். எனக்குச் சொல்ல வேண்டாம்.